அடைமழை மாதத்தில் கூடும் மாநாடுகளும் எங்கள் சேரியும்

உலக நாடுகளின் காலநிலை மாநாடு பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் கூடுகிறது. எங்களுக்கு அது ஐப்பசியும் கார்த்திகையும். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கிற காலம். அங்கே தலைவர்கள் மேடையேறிப் பேசுகிற நாளில், இங்கே நாங்கள் ரேஷன் அரிசியையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் பரணில் ஏற்றிக்கொண்டிருப்போம். பல ஆண்டுகளாக இதை நாங்கள் கவனிக்கவில்லை. ஒருமுறை பழைய தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது.

2015 நவம்பர் 30 அன்று பாரிஸ் மாநாடு தொடங்கியது. பிரதமர் நரேந்திர மோடி அங்கே சர்வதேச சூரிய ஆற்றல் கூட்டணியைத் தொடங்கிவைத்தார். மறுநாள் எங்கள் தலைமேல் வானம் இடிந்து விழுந்தது. டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. 2021 நவம்பர் 1 அன்று கிளாஸ்கோவில், 2070க்குள் இந்தியா நிகர பூஜ்ய உமிழ்வை எட்டும் என்று பிரதமர் அறிவித்தார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, 7ஆம் தேதி விடியும்போது சென்னை தண்ணீரில் நின்றது. 2023 நவம்பர் 30 அன்று துபாய் மாநாட்டின் முதல் நாளிலேயே, காலநிலைப் பேரிடரால் பாதிக்கப்படும் நாடுகளுக்கான இழப்பு மற்றும் சேத நிதி நடைமுறைக்கு வந்ததாக அறிவித்தார்கள். டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் பள்ளிக்கரணையையும் மறுபடி மூழ்கடித்தது.

2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் மாநாடு. இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. இதற்கு நடுவில் எங்கள் சேரியில் ஒரு கணக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

நாங்கள் என்றால், தாம்பரத்துக்கு மேற்கே ஓர் ஏரியின் கலங்கலிலிருந்து அடையாற்றுக்குப் போகும் கால்வாயின் கரையில் இருக்கிற ஒரு சேரியின் ஆட்கள். எங்களில் சிலர் மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறோம். சிலர் மெப்ஸ் கம்பெனிகளில் வேலை பார்க்கிறோம். சிலர் வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறோம். சேரியின் பெயரைப் போட வேண்டாம் என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். கணக்கெடுப்பு முடியட்டும் என்கிறார்கள்.

சேரி ஏன் கால்வாய்க் கரையில் இருக்கிறது என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்பார்கள். மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி என்பது நாங்கள் போட்ட வரைபடம் அல்ல. ஏரிப் பாசனம் நடந்த காலத்தில் மடை திறக்கவும், கலங்கலைப் பார்த்துக்கொள்ளவும், செத்த மாட்டைத் தூக்கவும் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் ஊருக்குள் இருக்கக் கூடாது, ஆனால் கூப்பிடும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆகவே ஏரி நிரம்பினால் முதலில் நனைகிற இடம் எங்களுக்கு ஒதுக்கப்பட்டது. இன்றைக்கு அதே இடத்தை வருவாய்த் துறைக் கணக்கில் ‘ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு’ என்கிறார்கள். எங்கள் பாட்டன்களை அங்கே உட்காரவைத்தபோது யாரும் ஆட்சேபிக்கவில்லை.

2015 டிசம்பர் முதல் தேதி இரவை எங்கள் பெண்கள் இன்றும் நிமிடக் கணக்கில் சொல்வார்கள். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி, அடையாறு தன் பழைய அகலத்தைத் தேடிக்கொண்டு வந்தது. கரண்ட் போய்விட்டது. போனும் போய்விட்டது. தெருவுக்கு ஒரே ஒரு மாடி வீடு. அந்த மொட்டைமாடியில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நாற்பது பேர் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். மறுநாள் படகுகள் வந்தன. மெயின் ரோட்டில் இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு முதலில் போயின. வந்த தன்னார்வலர்கள் நல்லவர்கள்தான். அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் விலாசம் வந்த இடத்துக்குப் போனார்கள். எங்களுக்கு விலாசம் அனுப்ப ஆள் இல்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருநூறு குடும்பம் இருக்கிறது என்பதே மூன்றாம் நாள்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது. ஒருவர் டூவீலரில் வந்து சேரி முனையில் நின்றார். துப்புரவு கான்ட்ராக்ட் எடுத்தவரின் ஆள். ‘பத்துப் பேர் வேணும்பா. மாடு, நாய், பன்னி எல்லாம் செத்து மிதக்குது. நாளைக்கு ஐந்நூறு ரூபாய்’ என்றார். எங்கள் தம்பி ஒருவன், பி.காம் முடித்தவன், கேட்டான்: ‘இந்த வேலைக்கு எதுக்குண்ணா நேரா எங்க தெருவுக்கு வர்றீங்க?’ அவர் கோபப்படவில்லை. ‘வேற எங்கப்பா போறது?’ என்றார். அதில் கிண்டல்கூட இல்லை. அவருக்கு உண்மையாகவே வேறு இடம் தோன்றவில்லை.

போகக் கூடாது என்று சிலர் சொன்னோம். நான்கு நாளாகக் கூலி இல்லாத வீட்டில் அந்தப் பேச்சு எடுபடவில்லை. நான்கு பேர் போனார்கள். கையுறையும் இல்லை, பூட்ஸும் இல்லை. ஒருவருக்குக் காலில் கண்ணாடி குத்திப் புரையோடி, இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. அந்தச் சமயத்தில் சென்னையின் குப்பையை அள்ள மற்ற மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் தூய்மைப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டதை நாடே பார்த்தது. அவர்களில் பெரும்பாலோர் என்ன சாதி என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளம் எல்லோருக்கும் பொது என்று அன்று தொலைக்காட்சியில் பேசினார்கள். வெள்ளத்துக்குப் பிந்தைய வேலை யாருக்கும் பொதுவாக இல்லை.

இரண்டாவது விஷயத்தைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறோம்.

அப்போது அரசு குடிசைக்கு 10,000 ரூபாயும் மற்ற வீடுகளுக்கு 5,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்திருந்தது. கணக்கெடுக்க வந்தவர்கள் பெயர்ப் பட்டியல் கேட்டார்கள். படித்த பிள்ளைகள் என்பதால் நாங்கள்தான் உட்கார்ந்து எழுதினோம். ரேஷன் கார்டு எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு எல்லாம் சரிபார்த்து, கார்டு நனைந்துபோனவர்களுக்குப் பழைய ஜெராக்ஸ் தேடிக் கொடுத்து, இரண்டு இரவுகள் கண்விழித்து எழுதிய பட்டியல். கொடுத்துவிட்டுப் பெருமையாக இருந்தோம்.

ஒரு வாரம் கழித்து ஏரிக்கரையிலிருந்து ஓர் ஆயா வந்தார். அங்கே பதினொரு இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. எங்களைவிடவும் பள்ளத்தில், கரையின் சரிவிலேயே குடிசை. ‘எங்க பேர எழுதுனீங்களா தம்பி?’ என்று கேட்டார். எங்களில் ஒருவர் வாயிலிருந்து உடனே வந்த பதில்: ‘கார்டு இருக்கா ஆயா?’

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். எந்த அலுவலகத்தின் வாசலுக்கு நாங்கள் போனாலும் எங்களைக் கேட்கிற அதே கேள்வியை, அதே குரலில், நாங்கள் அவரிடம் கேட்டிருக்கிறோம் என்பது அவர் போன பிறகுதான் புரிந்தது. பத்து வருடமாகிறது. அந்தக் கேள்வியை எங்களால் இன்னும் திரும்பப் பெற முடியவில்லை.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், உலக அரங்கில் இந்தியா பேசுகிற பேச்சை எடைபோட எங்களுக்கு இந்த அனுபவம்தான் படிக்கல்லாக இருக்கிறது.

இந்தியா என்ன பேசுகிறது? வளர்ந்த நாடுகள் இருநூறு ஆண்டுகளாகக் கரியை எரித்துப் பணக்காரர்கள் ஆகிவிட்டன. வானத்தைக் கெடுத்தது அவர்கள், அடி வாங்குவது நாங்கள். ஓர் இந்தியரின் சராசரி உமிழ்வு உலகச் சராசரியைவிடக் குறைவு. ஆகவே பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் இல்லை. பணமும் தொழில்நுட்பமும் கொடுங்கள். இதில் ஒரு வார்த்தைகூடத் தவறு இல்லை. ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான கடற்கரையும், கோடிக்கணக்கான ஏழைகளும் உள்ள நாடு இப்படித்தான் பேச வேண்டும். கையில் எடுத்த வேலையிலும் இந்தியா வெறுங்கையோடு நிற்கவில்லை. 2030க்குள் மின் உற்பத்தித் திறனில் பாதி புதைபடிவ எரிபொருள் அல்லாத வழியில் இருக்கும் என்று 2022இல் வாக்குக் கொடுத்தது. அந்தப் பாதியை 2025லேயே எட்டிவிட்டதாக அறிவித்தது. அதைக் குறைசொல்ல நாங்கள் வரவில்லை.

நாங்கள் கேட்பது வேறு. அதே பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டு ஒருவர் எங்கள் கால்வாய்க் கரையில் நின்று, டெல்லியையும் சென்னையையும் பார்த்துப் பேசினால் என்ன ஆகும்? ஏசி ஓடுவது எங்கள் வீட்டில் இல்லை. நான்கு கார் நிற்பது எங்கள் தெருவில் இல்லை. சதுப்பு நிலத்தில் கண்ணாடிக் கட்டடம் எழுப்பியது நாங்கள் இல்லை. அடி வாங்குவது மட்டும் நாங்கள். சராசரி இந்தியரின் உமிழ்வு குறைவாக இருப்பதற்குக் காரணமே எங்களைப் போன்றவர்கள் அந்தக் கணக்கில் இருப்பதுதான். ‘ஏழைகளின் பின்னால் ஒளிந்துகொள்ளுதல்’ என்று பொருள்படும் தலைப்பில் கிரீன்பீஸ் இந்தியா அமைப்பு 2007லேயே ஓர் அறிக்கை வெளியிட்டது. நாங்கள் அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறோம். அந்த ஏழைக்குச் சாதி உண்டு. அவர் எந்த இடத்தில் குடியிருக்கிறார், வெள்ளம் வடிந்ததும் எந்த வேலைக்குக் கூப்பிடப்படுகிறார் என்பதை அவருடைய வருமானம் மட்டும் தீர்மானிப்பதில்லை.

2008 ஜூன் 30 அன்று வெளியான காலநிலை மாற்றத்துக்கான தேசிய செயல்திட்டத்தைப் படிப்பகத்தில் உட்கார்ந்து படித்தோம். ஏழைகளையும் நலிவுற்ற பிரிவினரையும் பாதுகாப்பதுதான் அதன் முதல் கொள்கை. பிறகு எட்டு இயக்கங்கள்: சூரிய ஆற்றல், ஆற்றல் சேமிப்பு, நீடித்த வாழ்விடம், நீர், இமயமலைச் சூழல், பசுமை இந்தியா, வேளாண்மை, அறிவுத் தொகுப்பு. இத்தனை நீளக் கடற்கரை உள்ள நாட்டில், கடற்கரைக்கென்று இந்த எட்டில் ஒன்றுகூடத் தனியாக இல்லை. வெள்ளத்துக்கும் இல்லை. பேரிடரின் குப்பையை அள்ளுகிறவர்களுக்கும் இல்லை. முதல் கொள்கையில் எங்களைப் பாதுகாப்பதாகச் சொல்லிவிட்டு, எட்டு வாசல் வைத்து வீடு கட்டியிருக்கிறார்கள். எந்த வாசலில் போய் எங்கள் பெயரைச் சொல்வது?

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. சுனாமிக்குப் பிறகு வந்த 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆவது பிரிவு, நிவாரணமும் இழப்பீடும் வழங்குவதில் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அந்தப் பிரிவு சும்மா வந்துவிடவில்லை. சுனாமி முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டது அப்போதே பதிவாகியிருக்கிறது. படகு போனவருக்குக் கணக்கு இருந்தது. படகே இல்லாமல், கரையில் மீன் சுமந்தும் வயலில் நாற்று நட்டும் பிழைத்தவர்களுக்குப் போன கூலியைக் கணக்கில் எழுத இடமில்லை. இருபது ஆண்டுகளாக 61ஆவது பிரிவு புத்தகத்தில் இருக்கிறது. 2015இல் எங்களில் ஒருவருக்கும் அப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. தெரிந்திருந்தால், எங்கள் பட்டியலையே முதலில் அதைக் கொண்டு சோதித்திருக்க வேண்டும்.

2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து பாதுகாப்புப் பெறும் உரிமை அரசியல் சாசனத்தின் 14, 21ஆவது பிரிவுகளில் அடங்கியிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது. கானமயில் என்ற அழிந்துவரும் பறவையும் சூரிய மின்சாரக் கம்பிகளும் சம்பந்தப்பட்ட வழக்கு அது. பறவையின் பெயரால் வந்தாலும் உரிமை உரிமைதான். 14ஆவது பிரிவு என்பது சமத்துவம். வெள்ளம் வரும்போது எல்லோரும் சமமான உயரத்தில் நிற்கவில்லை என்பதை அந்தப் பிரிவைக் கொண்டு இனி நாம் வாதாட முடியும்.

தோழர்களே, வெள்ளத்துக்கு இந்த நாடு கொடுத்த பெரிய பதில்களில் ஒன்றைத் தொடங்கிவைத்தவர் நம் ஆள்தான் என்பதை நம் பிள்ளைகளுக்கே நாம் சொல்வதில்லை. 1943இல் தாமோதர் ஆறு வங்காளத்தைப் புரட்டிப்போட்டது. அப்போது வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர் பாபாசாகேப் அம்பேத்கர். பாசனமும் மின்சாரமும் அவருடைய பொறுப்பில் இருந்தன. 1945 ஜனவரியில் கல்கத்தாவில் தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கான மாநாட்டுக்கு அவர்தான் தலைமை தாங்கினார். மத்திய நீர்வழி, பாசன, கப்பல் போக்குவரத்து ஆணையமும் அதே ஆண்டில் உருவானது. 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் வந்தது. 1927இல் மகாத் குளத்தில் ஒரு கை தண்ணீரை அள்ளிக் குடிக்கும் உரிமைக்காக ஆயிரக்கணக்கானோரை அழைத்துப் போனவர், பதினெட்டு ஆண்டுகளில் ஒரு துணைக்கண்டத்தின் ஆறுகளுக்குத் திட்டம் போட உட்கார்ந்தார். அந்த மேஜையில் இன்று எங்களுக்கு நாற்காலி இல்லை. எங்களைப் பற்றிய கோப்பு மட்டும் இருக்கிறது.

அந்தக் கோப்பில் எங்களுக்குப் பெயர் ‘ஆக்கிரமிப்பாளர்’.

2015 வெள்ளத்துக்குப் பிறகு, 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை, அது மனிதர்கள் ஏற்படுத்திய பேரிடர் என்று சொன்னது. செம்பரம்பாக்கம் ஏரி நிர்வாகத்திலிருந்து நீர்நிலைகளில் எழுந்த கட்டடங்கள் வரை பல தவறுகளைப் பட்டியலிட்டது. ஆனால் நடவடிக்கை என்று வந்தபோது அடையாற்றங்கரைக் குடிசைகள்தான் முதலில் கண்ணில் பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. 2025 மே மாதம் அனகாபுத்தூரில் ஆற்றங்கரை வீடுகள் நூற்றுக்கணக்கில் இடிக்கப்பட்டன. ஆற்றைச் சீரமைப்பது காலநிலைத் தகவமைப்புப் பணி என்கிறார்கள். ஆற்றுக்கு இடம் வேண்டும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆறு வந்தால் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது, எங்களுக்குத் தெரியாதா? அதே ஆற்றின் கரையில் எத்தனை மாடிக்கு அனுமதி கொடுத்தீர்கள் என்று கேட்டால், அதற்கு ‘பிளான் அப்ரூவல்’ இருக்கிறதாம். பாட்டன் காலத்திலிருந்து இருப்பவர் ஆக்கிரமிப்பாளர். நேற்று அனுமதி வாங்கியவர் உரிமையாளர்.

அனுப்புகிற இடமாவது மேடா? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள தாழ்வான பகுதிகள். தாம்பரம் பக்கத்துச் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் உபரி நீரெல்லாம் கடைசியில் வந்து சேர்கிற இடம் அந்தச் சதுப்பு நிலம். ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்தது. அதில் பெரும்பகுதியைக் குப்பைமேடும் சாலைகளும் கட்டடங்களும் தின்றுவிட்டன. எஞ்சியதற்கு 2022இல் ராம்சர் தகுதி கிடைத்தது. பறவைகளுக்கு உகந்த ஈரநிலம் என்று உலகமே ஒப்புக்கொண்ட இடத்தின் ஓரத்தில், வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகளைக் கட்டியிருக்கிறார்கள்.

சென்ற மாதம் எங்கள் சேரிக்கும் ஆட்கள் வந்தார்கள். கையில் டேப்லெட். வீட்டுக்கு வீடு போட்டோ எடுத்து, கதவில் சிவப்புச் சாக்கால் எண் எழுதினார்கள். என்ன கணக்கு என்று கேட்டதற்கு ‘சும்மா சர்வேதான்மா’ என்றார்கள். சாக்கு எழுத்து மழையில் அழிந்துவிட்டது. எங்கள் தூக்கம் திரும்பி வரவில்லை.

அன்று இரவே படிப்பகத்தில் கூடினோம். எல்லோரும் ஒரே குரலில் பேசினோம் என்று சொன்னால் அது பொய். இளம் அம்மாக்கள் சிலர், ‘போகலாம்ணா. ஒவ்வொரு கார்த்திகைக்கும் இந்தப் பயத்தோட எத்தினி வருஷம் இருக்கிறது? காங்கிரீட் வீடு குடுக்கிறாங்க இல்ல?’ என்றார்கள். அது நியாயமான கேள்வி. போராட்டம் பேசுகிற நாங்கள் அதற்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாது. அப்போது சைதாப்பேட்டைப் பக்கத்திலிருந்து மறுகுடியமர்வு அடுக்குமாடி ஒன்றுக்கு அனுப்பப்பட்ட ஓர் அக்கா, எங்கள் சேரிக்கு வாழ்க்கைப்பட்டவரின் உடன்பிறந்தவர், பேசினார். ‘ஆத்துத் தண்ணியிலேர்ந்து காப்பாத்துறோம்னு கூட்டிட்டுப் போனாங்க. மிக்ஜாம்ல மூணு நாள் ஆறாவது மாடியில உக்காந்திருந்தோம். சுத்தி கடல் மாதிரி தண்ணி. லிப்ட் இல்ல, குடிக்கத் தண்ணி இல்ல. ஆத்தங்கரையில இருந்தப்போ பத்து வீட்டுல வேலை செஞ்சேன். இப்ப போகவர பஸ்ஸுலயே பாதி நாள் போவுது, ரெண்டு வீடுதான் மிச்சம். வீடு கெடைச்சிது. பொழப்பு போச்சி.’

இளம் அம்மாக்கள் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு பெரியவர் கேட்டார்: ‘மேடா ஒரு எடம், பக்கத்துலயே குடுக்க முடியாதா? எடமே இல்லியா?’

இடம் இருக்கிறதா என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். சொந்தமாகக் குடியிருக்கவும் உழவும் நிலம் இல்லாததுதான் அடிமைத்தனத்தின் வேர் என்று எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் வந்த ஆணையின்படி, அன்றைய சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அதுதான் பஞ்சமி நிலம். பிற சாதியினர் வாங்கினால் செல்லாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட நிலம். இன்று அதில் எவ்வளவு நம் கையில் இருக்கிறது? காரணை கிராமத்தில் அந்த நிலத்தைத் திரும்பக் கேட்ட போராட்டத்தில்தான், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அவர்கள் கேட்டது காலநிலைத் தகவமைப்பு என்று அன்று யாரும் சொல்லவில்லை. அந்தச் சொல்லே அன்று இங்கே புழக்கத்தில் இல்லை. வெள்ளம் ஏறாத மேட்டு நிலத்தில், சட்டப்படி நமக்குச் சொந்தமான இடத்தில் வாழ்வதைவிடச் சிறந்த தகவமைப்பு வேறு எது இருக்க முடியும்?

கிளாஸ்கோவில் பிரதமர் அறிவித்த ஐந்து வாக்குறுதிகளுக்கு ‘பஞ்சாமிர்தம்’ என்று பெயர் வைத்தார்கள். பஞ்சாமிர்தம் இனிப்பாகத்தான் இருக்கும். பஞ்சமருக்குப் பஞ்சமி நிலம் போதும்.

தமிழ்நாடு அரசு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கியிருக்கிறது. பசுமைக் காலநிலை நிறுவனம் வைத்திருக்கிறது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உச்சி வெயிலில் தெருக் கூட்டுகிற எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அது முக்கியமான அறிவிப்பு. 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியின் முதல் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. ஒரு தலித் பெண் அந்த நாற்காலியில் அமர்ந்ததை நாங்கள் பட்டாசு வெடித்துக் கொண்டாடினோம். இதெல்லாம் நடந்திருக்கிறது. இவற்றைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த படி ஏற முடியும். ஆகவே கூட்டத்தில் பேசி ஒரு மனு எழுதினோம். அதன் சாரம் இது:

ஒன்று, சுற்றுவட்டாரத்தில் உள்ள பஞ்சமி நிலங்களை அளந்து, ஆக்கிரமிப்பை நீக்கி, வெள்ளம் தாக்கும் சேரிகளுக்கு முதலில் அங்கே மனை கொடுங்கள். அதுவரை எங்களை அப்புறப்படுத்தாதீர்கள்.

இரண்டு, வேறு இடம் கொடுப்பதென்றால் பிழைப்பு கெடாத தூரத்தில், ஏரி உள்வாய்க்கும் சதுப்பு நிலத்துக்கும் வெளியே கொடுங்கள். பள்ளிக்கூட ஆண்டின் நடுவில் யாரையும் தூக்கிப் போடாதீர்கள்.

மூன்று, தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் ஐந்தில் ஒருவர். பட்டியல் சாதி, பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கு 2024இல் மாநில அரசே சட்டம் போட்டிருக்கிறது. காலநிலைக்கென்று வரும் ஒவ்வொரு ரூபாயிலும் அந்தச் சட்டப்படி எங்கள் பங்கு எங்கே என்று கணக்குக் காட்டுங்கள்.

நான்கு, பேரிடர்த் துப்புரவுப் பணிக்கு இயந்திரமும் பாதுகாப்புக் கவசமும் நியாயமான கூலியும் காப்பீடும் வேண்டும். ஆள் தேடிச் சேரிக்கு வண்டி அனுப்பும் பழக்கம் நிற்க வேண்டும்.

ஐந்து, நிவாரணத்துக்கு ரேஷன் கார்டு கட்டாயம் என்பதை நீக்குங்கள். 61ஆவது பிரிவைத் தமிழில் எழுதி எல்லா முகாம்களிலும் ஒட்டுங்கள்.

ஐந்தாவது கோரிக்கையை எழுதும்போது யாருடைய முகம் நினைவில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஆயா இப்போது இல்லை. மறுநாள் காலை ஏரிக்கரைக்குப் போனோம். அவருடைய பேத்தி இருந்தார். கையில் குழந்தை. வந்த விஷயத்தைச் சொன்னோம். ‘எங்க வீட்டுக் கதவுல நம்பர் எழுதல. எங்களுக்குக் கதவே இல்லியே’ என்றார். சர்வேக்காரர்கள் ஏரிக்கரைப் பக்கம் வரவே இல்லை. இடிக்கிற கணக்கிலும் அவர்கள் இல்லை, கொடுக்கிற கணக்கிலும் இல்லை.

முதலில் மன்னிப்புக் கேட்டோம். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. சொன்ன பிறகு, ‘அதுக்கென்னாண்ணா, இப்ப எழுதிக்கோங்க’ என்றார். பதினொரு குடும்பம் இப்போது பதினான்காகியிருக்கிறது. தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக எழுதினோம். கார்டு இருக்கிறதா என்று யாரையும் கேட்கவில்லை.

மனுவோடு இணைத்த பட்டியலின் முதல் பக்கத்தில் அந்தப் பதினான்கு குடும்பங்களும் இருக்கின்றன. எங்கள் பெயர்கள் இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குகின்றன. மனு கொடுத்ததற்கு ரசீது வாங்கி வைத்திருக்கிறோம். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது.

ஜெய்பீம்.